பொதுப் புள்ளியியல் பிரிவா, திட்டத்துக்குச் சொந்த ஆளா?

2025 ஜூன் 3 — கேள்வி

மூன்று மருத்துவமனைகள் சேர்ந்து சர்க்கரை நோயாளிகளின் கால்புண் பற்றி ஒரு ஆய்வு செய்கிறோம். மொத்தம் 104 பேர். வந்த முதல் நாளே புண்ணைப் பஞ்சுக் குச்சியால் தடவி ஸ்வாப் எடுத்தோம். அதிலுள்ள பாக்டீரியாக்களை 16எஸ் சீக்வென்சிங்கில் (பாக்டீரியாவின் ஒரு ஜீனை வாசித்து வகையைக் கண்டறியும் முறை) பார்த்து, 12 வாரத்தில் புண் ஆறியதா இல்லையா என்பதோடு ஒப்பிட வேண்டும். மாஸ்டர் சார்ட் (எல்லா நோயாளிகளின் விவரமும் சேர்ந்த அட்டவணை) தயார். சீக்வென்சிங் கம்பெனி ஃபாஸ்ட்கியூ ஃபைல்களை (வாசித்த டிஎன்ஏவின் மூலத் தரவு) ஹார்ட் டிஸ்கில் போட்டுக் கொடுத்துவிட்டது. அதைத் திறந்து பார்க்க எங்களில் யாருக்கும் தெரியாது. மிச்சமிருக்கும் பணத்தில் இத்தகைய தரவைக் கணினியில் அலசும் ஒரு பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் ஆளை ஆறு மாதத்துக்கு எடுக்கலாம். இல்லையென்றால் பல்கலைக்கழகத்தின் பொதுப் புள்ளியியல் உதவிப் பிரிவிடம் கொடுக்கலாம். ஆனால் அவர்கள் கட்டணமும் கேட்கிறார்கள், கட்டுரையில் பெயரும் கேட்கிறார்கள். இரண்டும் கேட்பது நியாயமா?

2025 ஜூன் 3, இரவு — பதில்

பதினோரு வருடமாக இப்படி ஒரு பொதுப் பிரிவில்தான் இருக்கிறேன். என் பதில் ஒருபக்கமாக இருந்தால் காரணம் அதுதான்.

பொதுப் பிரிவுக்கே போங்கள், டாக்டர். ஆறு மாதத்துக்கு ஒரு இளைஞரை எடுத்தால் முதல் இரண்டு மாதம் ஹார்ட் டிஸ்கோடும் கணினியோடும் போய்விடும். அடுத்த இரண்டு மாதத்தில் ஒரு முடிவு வரும். அது சரியா என்று பார்க்க அருகில் ஒருவரும் இருக்க மாட்டார். ஐந்தாவது மாதம் அவர் வேறு வேலை தேட ஆரம்பித்திருப்பார். அவர் மேல் குறை சொல்ல முடியாது, யாராக இருந்தாலும் தேடத்தான் செய்வார்கள்.

பெயர் விஷயத்தில், கட்டணம் வாங்கிவிட்டால் பெயர் கேட்கக்கூடாது என்பது என் அபிப்பிராயம்.

எங்கே போனாலும் மூன்று கேள்விக்கு விடை எடுத்துக்கொண்டு போங்கள். எந்த ஸ்வாப் எந்தத் தேதியில் கம்பெனிக்குப் போனது? டிஎன்ஏ பிரித்தெடுக்க எல்லாவற்றுக்கும் ஒரே கிட்டா? நோயாளியைத் தொடாத வெறும் ஸ்வாப் ஏதாவது கூடவே அனுப்பினீர்களா?

2025 ஜூன் 5

பெயர் பற்றி எழுதியதைத் திருத்துகிறேன். இரண்டு நாளாக அது உறுத்திக்கொண்டே இருந்தது.

ஆசிரியர் யார் என்பதற்கு மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு வைத்திருக்கும் நெறிகளில் பணம் என்ற பேச்சே கிடையாது. ஆய்வின் வடிவமைப்பிலோ தரவின் அலசலிலோ கணிசமான பங்கு, எழுத்திலோ திருத்தத்திலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், வந்த முடிவுக்குப் பொறுப்பேற்றல். இந்த நான்கும் இருந்தால் அவர் ஆசிரியர். அறுவை மருத்துவர் சம்பளம் வாங்கிக்கொண்டுதானே நோயாளியைச் சேர்க்கிறார்? அதற்காக அவர் பெயரை யாரும் எடுப்பதில்லையே. கட்டணம் என்பது நேரத்துக்கு, பெயர் என்பது பொறுப்புக்கு. கேட்ட படம் ஒன்றை வரைந்து கொடுத்துவிட்டுப் போகிறவருக்கு நன்றிப் பகுதி போதும். எந்தப் பாக்டீரியாவை எதோடு ஒப்பிட வேண்டும் என்று உங்களோடு உட்கார்ந்து சண்டை போட்டவருக்குப் பெயர் வேண்டும். நாளைக்கு ஒருவர் "இந்த எண் எப்படி வந்தது" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

2025 ஜூன் 6

டாக்டரிடமிருந்து பதில் வந்திருக்கிறது. முதல் மருத்துவமனையின் 44 ஸ்வாப்களும் 2024 மார்ச்சில் ஒன்றாகப் போயிருக்கின்றன. மற்ற இரண்டிலிருந்து 34, 26 ஆக 60 ஸ்வாப்கள் செப்டம்பரில் போயிருக்கின்றன. இடையில் கிட் மாறியிருக்கிறது. வெறும் ஸ்வாப் அனுப்பவில்லை.

முதல் மருத்துவமனை பெரிய ரெஃபரல் மருத்துவமனை. எங்கேயும் ஆறாமல் முற்றிய புண்தான் அங்கே வரும். அங்கே 44 பேரில் 13 பேருக்கு ஆறியிருக்கிறது. மற்ற இரண்டிலும் சேர்த்து 60 பேரில் 46 பேருக்கு. அதாவது ஆறாத புண்களில் பெரும்பகுதி மார்ச் கிட்டில், ஆறிய புண்களில் பெரும்பகுதி செப்டம்பர் கிட்டில். இப்போது ஒரு பாக்டீரியா ஆறாத புண்ணில் அதிகமாகத் தெரிந்தால் அது புண்ணிலிருந்து வந்ததா, மார்ச் கிட்டிலிருந்து வந்ததா? கிட்டுகளின் திரவங்களிலேயே பாக்டீரியா டிஎன்ஏ கொஞ்சம் இருக்கும் என்பதும், மாதிரியில் பாக்டீரியா குறைவாக இருந்தால் கிட்டின் டிஎன்ஏவே முடிவை ஆளும் என்பதும் 2014-ல் பிரிட்டனில் செய்த ஒரு சோதனையில் தெளிவாக வெளிவந்தது. வெறும் ஸ்வாப் பற்றிக் கேட்டது அதற்காகத்தான்.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. ஐரோப்பிய வம்சாவளியினருக்கும் ஆசிய வம்சாவளியினருக்கும் இடையே ஏராளமான ஜீன்களின் வெளிப்பாடு (ஒரு ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்பது) வேறுபடுகிறது என்று 2007-ல் ஒரு முன்னணி மரபியல் இதழில் கட்டுரை வந்தது. முதல் குழுவின் மாதிரிகளில் பெரும்பாலானவை 2003-04-லும், இரண்டாவது குழுவினுடையவை 2005-06-லும் அந்த வெளிப்பாட்டை அளக்கும் சிப்பில் ஓட்டப்பட்டவை என்பதை அதே வருடம் வேறு ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டினார்கள். வம்சாவளியின் வித்தியாசம் எவ்வளவு, வருடத்தின் வித்தியாசம் எவ்வளவு என்று அந்தத் தரவை வைத்துப் பிரிக்க வழியில்லை.

உங்கள் ஆய்வும் இதே சுவரில்தான் முட்டி நிற்கிறது என்று பயப்படுகிறேன்.

2025 ஜூன் 7, காலை

நேற்று அவசரப்பட்டுவிட்டேன். வழி முழுதாக அடைபடவில்லை.

மருத்துவமனைகளைக் கலக்காமல் பாருங்கள். மார்ச் தொகுப்புக்குள்ளேயே 13 பேருக்கு ஆறியிருக்கிறது, 31 பேருக்கு ஆறவில்லை. அந்த 44 பேருக்கும் ஒரே கிட், ஒரே ஓட்டம். அவர்களுக்குள் ஒப்பிட்டால் கிட் குறுக்கே வராது. செப்டம்பர் தொகுப்பிலும் ஒவ்வொரு மருத்துவமனையாக அதே மாதிரி பார்த்துவிட்டு, கிடைக்கும் மூன்று விடைகளையும் சேர்க்கலாம். மூன்றும் ஒரே திசையைக் காட்டினால் அதை நம்ப இடமுண்டு. இதில் இழப்பும் உண்டு. 13 பேரை 31 பேரோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் மட்டுமே கண்ணில் படும். முந்நூறு பாக்டீரியா வகைகளைத் தனித்தனியாகச் சோதித்து பி மதிப்பு (தொடர்பே இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவோ இதற்கு மேலோ வித்தியாசம் வரும் வாய்ப்பு) 0.05-க்குக் கீழே வந்ததை எல்லாம் எழுதினால், எந்தத் தொடர்பும் இல்லாத நிலையிலும் சராசரியாக 15 வகைகள் அந்த வலையில் விழும். அதற்கான திருத்தத்தையும் போட்டால் கையில் நிற்பது கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சம் உண்மையாக இருக்கும்.

இன்னொன்று. எடுத்த ஸ்வாப்பின் ஜோடி எங்காவது ஃப்ரீசரில் இருக்கிறதா? சில இடங்களில் இரண்டு எடுப்பது வழக்கம். விசாரியுங்கள்.

2025 ஜூன் 11

இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார்: "சாம்பிள் சைஸுக்கு ஃபார்முலா நெட்டிலேயே கிடைக்கிறது. எண்ணைப் போட்டால் விடை வருகிறது. இதற்கு ஒரு பிரிவு எதற்கு?" 20 கிராமம், ஒவ்வொன்றிலும் 30 பேர், ஆக 600 பேரிடம் ரத்த அழுத்தம் பார்க்கப் போகிறாராம். ஃபார்முலா 580 போதும் என்று சொல்லியிருக்கிறது.

ஒரே ஊர்க்காரர்கள் ஒரே தண்ணீர் குடிக்கிறார்கள், ஒரே கடையில் உப்பும் எண்ணெயும் வாங்குகிறார்கள், ஒருவருக்கொருவர் சொந்தம். முப்பது பேரை அளந்தால் முப்பது தனித்தனிச் செய்தி கிடைத்தது என்று சொல்ல முடியாது. ஒரு ஊருக்குள் இருப்பவர்கள் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்பதற்கு ஒரு எண் உண்டு. ஊருக்கு எத்தனை பேரோ அதில் ஒன்றைக் கழித்து, அந்த எண்ணால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் எத்தனை மடங்கு ஆள் கூடுதலாக வேண்டும் என்று தெரியும். அந்த எண்ணை 0.05 என்று வைத்துக்கொள்ளுங்கள். 29-ஐ 0.05-ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 2.45. உங்கள் 600 பேர், தனித்தனியாகப் பொறுக்கி எடுத்த 245 பேருக்குத்தான் சமம்.

2025 ஜூன் 12

அவர் விடவில்லை. "0.05 என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்கிறார். நல்ல கேள்வி. பதில் சொல்லத் திணறினேன். புத்தகத்தில் பழகிய எண் அது, அவ்வளவுதான். இன்று எங்கள் பிரிவின் பழைய கிராம ஆய்வுகளை எடுத்து ரத்த அழுத்தத்துக்குக் கணக்கிட்டுப் பார்த்தேன். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் 0.01-ஐ ஒட்டித்தான் வருகிறது. அப்படியென்றால் 1.29 மடங்கு, 600 பேர் என்பது ஏறக்குறைய 465 பேருக்குச் சமம். 245-க்கும் 465-க்கும் நடுவே ஒரு முழு வருடக் களவேலை இருக்கிறது.

ஜூன் 3 அன்று பொதுப் பிரிவுக்குப் போகச் சொன்னதற்கு உண்மையான காரணத்தை இன்றுதான் கண்டேன். ஃபார்முலா எல்லாரிடமும் இருக்கிறது. புள்ளியியலுக்கான ஆர் மென்பொருள் இலவசம், மரபணுத் தரவுக்கான பயோகண்டக்டர் இலவசம், லாப நோக்கமில்லாத நிறுவனங்களுக்கு ஆய்வுத் தரவைப் பதியும் ரெட்கேப்பும் இலவசம். எங்கள் பக்கத்துக் கிராமங்களின் அந்த 0.01 எங்கேயும் இலவசமாகக் கிடைக்காது. பத்து ஆய்வுகளின் தரவும், அவை எப்படி எடுக்கப்பட்டன என்ற நினைவும் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பதால்தான் அதைக் கணக்கிட முடிந்தது.

2025 ஜூன் 19

புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1938-ல் கல்கத்தாவில், முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டில் சொன்னதை ஒரு நண்பர் இங்கே எடுத்துப் போட்டிருக்கிறார். சோதனை முடிந்த பிறகு புள்ளியியலாளரைக் கேட்பது பிரேதப் பரிசோதனை கேட்பது மாதிரி, எதனால் செத்தது என்று வேண்டுமானால் அவர் சொல்லலாம் என்ற கருத்து. எங்கள் துறையில் கேட்காத ஆள் கிடையாது. நானும் பல வருடம் என் மேசைக்கு வந்த ஒவ்வொரு பிஜியிடமும் (முதுநிலை மருத்துவ மாணவர்) இதைச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது சொல்வதில்லை. ஒரு நாள் மாலை நான்கு மணிக்கு இரண்டாம் வருடப் பிஜி ஒருவர் மாஸ்டர் சார்ட்டோடு வந்தார். தீசிஸ் கொடுக்கப் பதினெட்டு நாள் பாக்கி. வழக்கம்போல அந்த வாசகத்தைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனார். பிறகு வரவே இல்லை. கல்லூரி வாசலுக்கு எதிரே "ஸ்டாட்ஸ் போட்டுத் தரப்படும்" என்று போர்டு இருக்கும் கடைக்குப் போயிருக்கிறார். தீசிஸ் புத்தகமாகி வந்தபோது புரட்டினேன். வலியை 0 முதல் 10 வரை அளந்த கட்டத்தில், பதில் கிடைக்காதவர்களுக்கு 99 என்று போட்டு வைத்திருந்தார்கள். அந்த 99-களையும் சேர்த்துச் சராசரி எடுத்திருந்தார்கள். பத்துக்கு மேல் போகவே முடியாத அளவுகோலில் ஒரு குழுவின் சராசரி 14.2. கைடு கையெழுத்துப் போட்டிருந்தார்.

அன்று பத்து நிமிடம் அந்தப் பிள்ளையை உட்கார வைத்திருந்தால் அந்த 99 என் கண்ணில் பட்டிருக்கும். தாமதமாக வந்தவரைத் திட்டி அனுப்புகிற பிரிவுக்கு அடுத்தவர் இன்னும் தாமதமாகத்தான் வருவார். இப்போது செவ்வாய், வெள்ளி பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு வரை எங்கள் பிரிவின் கதவு திறந்திருக்கும். ஃபார்ம் வேண்டாம், கட்டணம் வேண்டாம், எந்தக் கட்டத்தில் இருந்தாலும் வரலாம். கேள்வி மட்டும் இருக்கும் நிலையில் வருகிறவர்கள் அந்த ஏற்பாட்டுக்குப் பிறகுதான் கூடினார்கள்.

2025 ஜூன் 20

ஃபிஷரை நான் தள்ளிவிட்டதாக நினைக்க வேண்டாம். பிரேதப் பரிசோதனையும் வேண்டிய வேலைதான். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 2006 வாக்கில் ஒரு குழு, கட்டியின் ஜீன் வெளிப்பாட்டைப் பார்த்தே எந்தப் புற்றுநோய் மருந்து கேட்கும் என்று சொல்லலாம் என்றது. அதை நம்பி நோயாளிகளை வைத்துச் சோதனைகளும் தொடங்கின. ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தில் கீத் பாகர்லி, கெவின் கூம்ப்ஸ் என்ற இரண்டு புள்ளியியலாளர்களிடம் அவர்களுடைய மருத்துவர்கள் "நாமும் இதைச் செய்யலாமா?" என்று கேட்டார்கள். இருவரும் வெளியான தரவை எடுத்து முடிவை மறுபடி வரவைக்க முயன்றார்கள். வரவில்லை. ஜீன் பட்டியல் ஒரு வரிசை கீழே நகர்ந்திருந்தது. மருந்து கேட்கும், கேட்காது என்ற அடையாளங்கள் சில இடத்தில் தலைகீழாக இருந்தன. வருடக்கணக்கில் எழுதிக்கொண்டே இருந்தார்கள். 2010-ல் சோதனைகள் நின்றன. கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன.

இதில் என்னைப் பிடித்து நிறுத்துவது தொடக்கம்தான். பக்கத்து அறை மருத்துவர் வந்து கேட்டார். கேட்டவருக்காக அவர்கள் நேரம் ஒதுக்கினார்கள்.

2025 ஜூலை 2

சின்னக் குறிப்பு. ஜீன் பட்டியலை எக்ஸெலில் திறந்து சேமிக்காதீர்கள். செப்ட்2, மார்ச்1 என்ற பெயர்களை அது செப்டம்பர் 2, மார்ச் 1 என்று தேதியாக்கிவிடும். எக்ஸெல் ஜீன் பட்டியல் இணைத்த மரபணுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016-ல் ஒரு கணக்கெடுப்பு சொன்னது. கடைசியில் 2020-ல் ஜீன்களின் பெயரையே செப்டின்2, மார்ச்எஃப்1 என்று மாற்றினார்கள். பழைய ஃபைல்கள் பழைய பெயரோடுதான் கிடக்கின்றன.

2025 ஜூலை 14

"பொதுப் பிரிவு எல்லாம் வெள்ளைக்காரன் ஊருக்கு, இங்கே நடக்காது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சென்னை சேத்துப்பட்டுப் பக்கம் போய்வரச் சொல்வேன்.

1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நான்கும் சேர்ந்து நடத்தின. பிரிட்டனிலிருந்து வந்த வாலஸ் ஃபாக்ஸ் வழிநடத்தினார். அன்றைய கேள்வி, காசநோயாளியை சானடோரியத்தில் படுக்க வைத்தே ஆக வேண்டுமா, வீட்டில் வைத்தே மருந்து கொடுக்கலாமா என்பது. ஏழைக் குடும்பங்களிலிருந்து 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு பக்கமும் ஐசோநியாசிட், பாஸ் என்ற அதே மருந்துகள், ஒரு வருடம். வீட்டில் இருந்தவர்களுக்கு நெருக்கடியான ஒற்றை அறை, போதாத சாப்பாடு, ஓய்வும் குறைவு. சானடோரியத்தில் நல்ல சாப்பாடும் படுக்கையும். முடிவு 1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தது. குணமானதில் இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்துக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்த மையத்தில் புள்ளியியல் பகுதி ஆரம்பத்திலிருந்தே உள்ளே இருந்தது. ஒரு நோயாளி எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை மருத்துவரின் இரக்கத்துக்கு விட்டிருந்தால், நோய் முற்றியவர்களை எல்லாம் சானடோரியத்துக்குத்தான் அனுப்பியிருப்பார்கள். அனுப்பியவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் விடை மட்டும் கிடைத்திருக்காது. இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

சென்னையிலேயே மருத்துவப் புள்ளியியலுக்கு என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் தனி நிறுவனமும் இருந்தது. அதையும் ஆவடியிலிருந்த தொழுநோய்க் களப்பிரிவையும் 1999-ல் இணைத்துத்தான் இன்றைய தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் உருவானது. வேலூர் சிஎம்சியிலும் புள்ளியியலுக்குத் தனித்துறை உண்டு.

2025 ஜூலை 16

பணம் நிறைய உள்ள ஆய்வில் இந்தத் தொல்லை இருக்காது என்றும் ஒரு கருத்து வந்தது. ஸ்பெயினின் பிரெடிமெட் ஆய்வைப் பாருங்கள். ஆலிவ் எண்ணெயையோ பாதாம், வால்நட் போன்ற கொட்டைகளையோ சேர்த்த உணவால் மாரடைப்பும் பக்கவாதமும் குறையுமா என்று 7,447 பேரிடம் பார்த்தது. 2013-ல் வெளிவந்தது, உலகமே பேசியது. 2018-ல் அவர்களே அதைத் திரும்பப் பெற்று, மறுபடி கணக்கிட்டு வெளியிட்டார்கள். ஒரே வீட்டைச் சேர்ந்த இரண்டாவது ஆளைக் குலுக்காமல் முதல் ஆள் இருந்த குழுவிலேயே சேர்த்திருக்கிறார்கள். ஒரு மையத்தில் ஆளை ஆளாகக் குலுக்காமல், ஒரு கிளினிக்குக்கு வருபவர்கள் எல்லாருக்கும் ஒரே உணவைக் கொடுத்திருக்கிறார்கள். ஊரில் அண்டைவீட்டுக்கு ஒரு எண்ணெய், நமக்கு ஒன்றுமில்லையா என்ற மனத்தாங்கல் வரும்போது களத்தில் இருப்பவருக்கு அது இயல்பான தீர்வுதான். அதை மேலே சொல்லவும் பதிந்து வைக்கவும் அன்று ஆள் இருந்திருந்தால் அன்றே கணக்கில் ஏற்றியிருக்கலாம்.

2025 ஆகஸ்ட் 8

எங்கள் பிரிவில் என்னோடு ஏழு வருடம் ஒரு தம்பி வேலை செய்தார். ஏழு வருடமும் பதினோரு மாத ஒப்பந்தம். பதினோரு மாதம் முடிந்ததும் ஒரு இடைவெளி விட்டு மறுபடி ஆர்டர். நிரந்தரம் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. ஒவ்வொரு முறையும் கோப்பு மூன்று மேசை தாண்டி வரும்வரை சம்பளம் நிற்கும். அந்த நாட்களிலும் வந்து வேலை பார்த்திருக்கிறார். மகள் பிறந்த வருடம் பெங்களூரில் ஒரு கம்பெனிக்குப் போனார். போகச் சொன்னது நான்தான்.

அவர் போன பிறகு பழைய ஆய்வு ஒன்றைப் பற்றி இதழிலிருந்து கேள்வி வந்தது. நான்கு நோயாளிகளை ஏன் கணக்கிலிருந்து எடுத்தீர்கள் என்று. ஸ்கிரிப்ட் இருந்தது, எடுத்த வரியும் இருந்தது, ஏன் என்பது மட்டும் இல்லை. அவருக்கு ஃபோன் போட்டேன். ராத்திரி பத்தரை மணிக்கு, குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, "அண்ணே, அந்த நாலு பேருக்கும் ரத்தம் எடுத்த அன்னைக்கு கரன்ட் போயி சென்ட்ரிஃப்யூஜ் பாதியில நின்னுருச்சுல்ல, நீங்கதான எடுக்கச் சொன்னீங்க" என்றார். எனக்கே மறந்துபோயிருந்தது.

ஜூன் 12-ல் நினைவு பற்றி எழுதினேன் அல்லவா? அதைச் சுமந்துகொண்டிருப்பவர்களை நாம் இப்படித்தான் நடத்துகிறோம். ஆறு கோடிக்குக் கருவி வாங்கக் கையெழுத்து உடனே விழுகிறது. அதன் வெளியீட்டை வாசிக்கிற ஆளுக்கு இரண்டு வருட ஆர்டர் கேட்டால் கொள்கை முடிவு என்கிறார்கள். எனக்கு இதில் ஆத்திரம் உண்டு, மறைக்க விருப்பமில்லை. அன்றிலிருந்து எங்கள் ஸ்கிரிப்டில் ஒரு ஆளை நீக்கும் ஒவ்வொரு வரிக்கும் மேலே காரணமும், சொன்னவர் யார் என்பதும், தேதியும் தமிழிலேயே எழுதுகிறோம்.

2025 ஆகஸ்ட் 9

நேற்று எழுதியதை வாசித்தவர்கள் இது எங்கேயும் நடக்காது என்று நினைத்துவிட வேண்டாம்.

ஆப்பிரிக்காவில் எச்3ஆப்பிரிக்கா என்ற மரபணு ஆய்வுத் திட்டம் வந்தபோது, ரத்தம் ஆப்பிரிக்காவில், கணக்கு அமெரிக்காவில் என்ற பழைய வழக்கத்துக்குப் போகாமல் 2012-ல் எச்3ஏபயோநெட் என்ற பொது வலையமைப்பை உருவாக்கினார்கள். கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் நிக்கோலா மல்டர் தலைமை. கண்டம் முழுக்கப் பல நாடுகளில் மையங்கள், கேள்வி கேட்க ஒரு உதவி மேசை. 2016-ல் தொடங்கிய அறிமுகப் பாடத்தை நடத்திய விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. எல்லாரையும் ஒரு ஊருக்கு விமானத்தில் வரவழைக்கவில்லை. 10 நாடுகளில் 20 இடங்களில் வகுப்பறை வைத்து, பதிவு செய்த பாடத்தைப் போட்டு, ஒவ்வொரு அறையிலும் உள்ளூர் உதவியாளரை நிறுத்தி, நேரலையில் ஆசிரியரோடு பேச வைத்தார்கள். இணையம் பலவீனமான இடத்திலும் பாடம் நடந்தது. பாடம் முடிந்ததும் அந்த உதவியாளர் அந்த ஊரிலேயே இருப்பார், அடுத்த கேள்வியை அவரிடம் கேட்கலாம்.

நம்மிடம் அடித்தளம் இல்லாமல் இல்லை. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 1980-களின் பிற்பகுதியிலேயே உயிரித் தகவலியல் மையங்களை ஒரு வலையாகக் கட்டியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அதில் ஒன்று. 2022 நவம்பரில் ஃபரிதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையம் திறந்தது. 20 நிறுவனங்கள் சேர்ந்து எடுத்த பத்தாயிரம் இந்தியர்களின் மரபணுத் தொகுப்பு 2025 ஜனவரியில் அங்கிருந்து ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. தரவை வைக்க இடம் கிடைத்துவிட்டது. மாவட்ட மருத்துவக் கல்லூரியில் அந்த உதவியாளர் உட்கார ஒரு நாற்காலிதான் இன்னும் போடவில்லை.

2025 ஆகஸ்ட் 27

கால்புண் டாக்டர் திரும்ப வந்திருக்கிறார், நல்ல செய்தியோடு.

இரட்டை ஸ்வாப் பற்றி மருத்துவர்கள் யாருக்கும் நினைவில்லை. முதல் மருத்துவமனையின் ஆய்வு சிஸ்டருக்கு நினைவிருந்திருக்கிறது. பயிற்சிக்கு வந்த மற்ற இரண்டு மருத்துவமனை சிஸ்டர்களுக்கும், முடிந்தபோதெல்லாம் இரண்டு எடுக்கச் சொல்லிக் கொடுத்தது அவர்தான். அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டில் எந்த நோயாளி, எந்தத் தேதி, எந்தப் பெட்டி, எத்தனையாவது குழி என்று நீல மையில் எழுதி வைத்திருக்கிறார். மைனஸ் 80 ஃப்ரீசருக்கு லேபில் "ஊட்டி" என்று பெயராம். "டாக்டர், எல்லாம் ஊட்டியிலதான் இருக்கு" என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம்.

முதல் மருத்துவமனையில் 31, இரண்டாவதில் 27, மூன்றாவதில் 22. மொத்தம் 80 ஜோடிகள்.

2025 ஆகஸ்ட் 30

ஜோடி ஸ்வாப்களைப் புதிதாகச் சீக்வென்சிங் செய்ய அனுப்பும் தட்டில் 96 குழி. 80 ஸ்வாப். நோயாளியைத் தொடாத வெறும் ஸ்வாப் 8, இன்னின்ன பாக்டீரியா இவ்வளவு என்று முன்பே தெரிந்த கலவை 4, ஏற்கெனவே தட்டில் இருப்பதையே இன்னொரு தரம் வைப்பது 4. சரியாக 96. ஒரே கிட், ஒரே நாள், ஒரே ஓட்டம். மூன்று மருத்துவமனையும் ஆறியதும் ஆறாததும் தட்டு முழுக்கக் கலந்து விழும்படி வரிசையைக் குலுக்கிக் கொடுத்தேன். "மருத்துவமனை வாரியா அடுக்கினா சுலபமா இருக்குமே" என்று கம்பெனியில் கேட்டார்களாம். அந்தச் சுலபம்தான் போன முறை நடந்தது என்று டாக்டரே விளக்கிவிட்டார். நான் பேச வேண்டி வரவில்லை.

மருத்துவமனைக்கு மருத்துவமனை ஃப்ரீசரில் இருந்த காலம் வேறு. அதனால் ஜூன் 7-ல் சொன்ன மாதிரி ஒவ்வொன்றுக்குள்ளேயும் ஒப்பிடுவது இப்போதும் தொடரும். எந்த ஒப்பீடு முதன்மை என்பதை முடிவு வருவதற்கு முன்பே எழுதி, தேதி போட்டு மூன்று மருத்துவமனைக்கும் அனுப்பியாயிற்று.

2025 செப்டம்பர் 18

முதல் கேள்விக்கு டாக்டர் கண்ட வழி அவர் கேட்ட இரண்டிலும் இல்லை. மிச்சப் பணத்தில் பாதி தட்டுக்குப் போனது. மீதியில் ஒரு பெண்ணை எடுத்திருக்கிறார்கள். அவருக்கு மேசை அங்கே பல்கலைக்கழகத்தின் பொதுப் பிரிவில். ஸ்கிரிப்டைச் சரிபார்க்க அங்கே இரண்டு பேர் இருக்கிறார்கள். திங்கள், வியாழன் காலையில் அவர் கால்புண் வார்டுக்குப் போகிறார். முதல் வாரமே, மாஸ்டர் சார்ட்டில் "ஆறியது" என்று இருந்த இரண்டு பேருக்கு உண்மையில் விரலை எடுத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டார். புண் இல்லை, விரலும் இல்லை. அதை ஆறியது என்று எண்ணலாமா என்று மூன்று மருத்துவமனையும் இன்று மாலை கூடிப் பேசுகிறார்கள். நானும் ஃபோனில் இருப்பேன்.

தட்டு நேற்றுக் கிளம்பியது. குலுக்கிய வரிசைத் தாளின் ஒரு படி பிரிவில் இருக்கிறது, இன்னொன்றை சிஸ்டர் தன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்.